ஊசி அக்காவுக்கு மட்டும்தானா?



கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்க ஊசி வந்திருக்கிறது, பெண் பிள்ளைகளுக்குப் போடுங்கள் என்று இப்போது எல்லா இடத்திலும் பேசுகிறார்கள். ரொம்ப சந்தோஷம். நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் கிடைக்காத பாக்கியம் நம் பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. அந்தக் கிருமி பெண்ணுக்கு எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்தா குதிக்கிறது? பெரும்பாலும் ஆணிடமிருந்துதானே வருகிறது? அப்படியிருக்க, ஊசிப் பேச்சு வந்தாலே பெண் பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு, பையனை "நீ போய் விளையாடுடா" என்று அனுப்பிவிடுகிறோமே, இது என்ன நியாயம்?

நான் பிளஸ் டூ வரை படித்த சாதாரண இல்லத்தரசி. எட்டாவது படிக்கும் பெண்ணும், ஆறாவது படிக்கும் பையனும் இருக்கிறார்கள். நர்ஸம்மாவிடம் கேட்டும், பேப்பரில் வருவதை வரி விடாமல் படித்தும் தெரிந்துகொண்டதை வைத்து என் கருத்தை எழுதுகிறேன். விஷயம் கூச்சமானதுதான். ஆனால் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே எத்தனை பெண்களை இழந்திருக்கிறோம்!

அந்தக் கிருமிக்கு எச்.பி.வி. என்று பெயர். அதில் 200 வகைக்கு மேல் உண்டு. சில வகை கையிலும் காலிலும் மரு உண்டாக்குவதோடு நின்றுவிடும். சில வகைதான் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதிலும் 16, 18 என்று எண் கொடுத்திருக்கும் இரண்டு வகைதான் பெரிய வில்லன்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 இந்த இரண்டால்தான் வருகிறதாம். இந்தக் கிருமிக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பையன்களுக்கும் இந்த ஊசி போட வேண்டும் என்று சொல்லி வந்தவர் அவர்.

தாம்பத்திய உறவில், தோலோடு தோல் படுவதால் இது பரவுகிறது. ஆணுறை போட்டால் ஓரளவு தடுக்கலாம், முழுசாகத் தடுக்க முடியாது. கிருமி வந்த எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். மிச்சம் இருப்பவர்களுக்கு அது உள்ளேயே தங்கி, 15, 20 வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் தலை காட்டும். இருபது வயதில் வந்த கிருமி, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு சற்று உட்காரலாம் என்று நினைக்கும் நாற்பது வயதில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

2020-ம் வருஷக் கணக்குப்படி நம் நாட்டில் ஒரே வருஷத்தில் சுமார் 1 லட்சத்து 23 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. 77 ஆயிரம் பேர் இறந்தார்கள். நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல். ஒவ்வொரு நாளும் நாலைந்து பஸ் நிறைய அம்மாக்கள் போய்ச் சேர்ந்தால் நாடு சும்மா இருக்குமா? இது வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதால் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் உறவில் ஒரு அக்கா இருந்தார். வெள்ளைப்படுதல், நடுநடுவே உதிரம் என்று ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முற்றிவிட்டது. 44 வயதில் போய்விட்டார். அதைவிடக் கொடுமை, "இந்த நோய் எல்லாருக்குமா வருது? இவ எப்படி இருந்தாளோ" என்று எழவு வீட்டிலேயே காதோடு காதாகப் பேசினார்கள். கட்டிய புருஷனைத் தவிர வேறு ஆண் முகம் பார்க்காத மனுஷி அவர். அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்று வந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சேலை மேல் முள் விழுந்தாலும், முள் மேல் சேலை விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். ஆணும் பெண்ணும் சேர்ந்து சுமக்கும் கிருமி இது. நோவு பெண்ணுக்கு. பழியும் பெண்ணுக்கு. ஊசியும் பெண்ணுக்கு மட்டும் என்றால், "இது பொம்பளை வியாதி" என்ற பேச்சு இன்னும் நூறு வருஷத்துக்கு ஓடும்.

இதற்காக எல்லா ஆண்களையும் குற்றவாளி ஆக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கிருமி உடம்பில் எந்த அறிகுறியும் இல்லாமல் வருஷக்கணக்கில் இருக்கும். இருப்பது அந்த ஆணுக்கே தெரியாது. பெண்ணுக்காவது பரிசோதனை இருக்கிறது. ஆணுக்கு இதைப் பார்த்துச் சொல்ல வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. ஆகவே பரிசோதனையில் கிருமி இருப்பதாக வந்தால் உடனே புருஷனைச் சந்தேகப்படுவதும் தப்பு, பெண்டாட்டியைச் சந்தேகப்படுவதும் தப்பு. என்றைக்கோ வந்ததாக இருக்கலாம். உலகத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் ஏதோ ஒரு வகை எச்.பி.வி. இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மூன்றில் ஒருவர் என்றால், அது ஒருவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய கணக்கு அல்ல, ஜலதோஷம் மாதிரி ஊரெல்லாம் பரவிய கிருமியின் கணக்கு.

சரி, ஆணுக்கு இதனால் கெடுதலே இல்லையா? இருக்கிறது. ஆண் உறுப்பிலும், ஆசனவாயிலும், தொண்டையின் உள்பக்கத்திலும் இந்தக் கிருமியால் புற்றுநோய் வரும். மறைவிடத்தில் வரும் மரு இன்னொரு தொல்லை. அது பெரும்பாலும் 6, 11 என்ற வகைகளால் வருகிறது. 2019-ல் உலகம் முழுக்க இந்தக் கிருமியால் 6 லட்சத்து 20 ஆயிரம் பெண்களுக்கும், 70 ஆயிரம் ஆண்களுக்கும் புற்றுநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்கிறது. பெண்களுக்குத்தான் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 70 ஆயிரம் பேர் என்ன, மனுஷர்கள் இல்லையா? நாம் பெற்ற பிள்ளைகள் தானே அவர்களும்?

என் பெண்ணுக்கு ஊசி போடுவதைப் பற்றிக் கேட்க ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். "பையனுக்கும் போடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "பையனுக்கு எதுக்கும்மா? அவனுக்கு என்ன கர்ப்பப்பையா இருக்கு?" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். படித்தவரே இப்படிச் சிரித்தால், பாமர ஜனங்கள் என்ன செய்வார்கள்? புனேயில் தயாராகும் நம் நாட்டு ஊசி செர்வாவாக், 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவருக்குமே போடலாம் என்று 2022-லேயே அனுமதி வாங்கியது. இது சிரிக்க வேண்டிய கேள்வியே இல்லை.

நோய் ஒருவருக்கு, ஊசி இன்னொருவருக்கா என்று கேட்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2017 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது நினைவிருக்கும். 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் போட்டார்கள். ரூபெல்லா என்பது சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்போடு போய்விடும். ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம் எல்லாவற்றையும் பாதிக்கும். பையன் கர்ப்பம் தரிக்கப் போவதில்லை. ஆனாலும் அவனுக்கும் ரூபெல்லா ஊசி போட்டோமே, ஏன்? அவன் மூலமாக ஒரு கர்ப்பிணிக்குப் பரவக் கூடாது என்றுதானே? அன்றைக்குச் சரியாக இருந்த நியாயம் இன்றைக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?

வெளிநாடுகளில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2007-ல் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கி, 2013-ல் பையன்களுக்கும் அரசாங்கச் செலவில் போட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 2011-ல் பையன்களுக்கும் போடச் சொன்னார்கள். பிரிட்டனில் 2019 செப்டம்பரில் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கும் கொண்டுவந்தார்கள். ஊசியின் பலன் எப்படி? இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021-ல் கண்டார்கள். ஸ்காட்லாந்தில் அதே வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024-ல் வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூட இல்லை!

இங்கே எதிர்க்கேள்வி ஒன்று வரும். "ஊசியே தட்டுப்பாடு. பெண் பிள்ளைகளுக்கே போதவில்லை. இதில் பையனுக்கு வேறா?" நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனமும் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறது. பையன்கள் இரண்டாவது வரிசை. பெண்களில் மிகப் பெரும்பாலோர் போட்டுக்கொண்டால் பையன்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு தானாகக் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவில் பையன்களுக்குப் போட ஆரம்பிப்பதற்கு முன்பே, இளைஞர்களுக்கு மரு வருவது வெகுவாகக் குறைந்ததாம்.

ஆனால் நம் ஊரில் எல்லாப் பெண் பிள்ளைகளும் போட்டுக்கொள்கிறார்களா? காசு இல்லாதவர்கள், பயந்து ஒதுங்குபவர்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர்கள் என்று எத்தனை பேர்! பெண்களில் பாதிப் பேர் விட்டுப்போகிற இடத்தில், பையன்களும் போட்டுக்கொண்டால்தான் விட்டுப்போன பெண்ணுக்கும் கொஞ்சம் வேலி கிடைக்கும். அதனால் என் கட்சி இதுதான்: கையில் ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், யோசிக்காமல் பெண்ணுக்குப் போடுங்கள். இரண்டு பேருக்கும் போட வசதி இருக்கிறவர்கள் பையனை விட்டுவிடாதீர்கள். அரசாங்கமும் பெண் பிள்ளைகளுக்கு முழுசாகப் போட்டு முடித்த கையோடு பையன்களை அடுத்த வரிசையில் நிறுத்த வேண்டும்.

நம் மாநிலத்தில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். பாராட்ட வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெளியில் போடுவதென்றால் செலவு எவ்வளவு? செர்வாவாக் 2023-ல் வந்தபோது ஒரு ஊசி 2000 ரூபாய் என்றார்கள். வெளிநாட்டு ஊசிகள் இன்னும் விலை. 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, 15 வயதுக்கு மேல் மூன்று ஊசி என்பது வழக்கம். ஒரே ஊசியும் போதும் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லி, சில நாடுகள் ஒரே ஊசிக்கு மாறிவிட்டன. எத்தனை என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சீக்கிரமாகப் போட்டால் ஊசியும் குறைவு, செலவும் குறைவு, பலனும் அதிகம் என்பது மட்டும் நிச்சயம். 4000 ரூபாய் நமக்குப் பெரிய தொகைதான். ஆனால் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் மண்டபம் பிடித்து லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். பையனுக்கு விலை உயர்ந்த செல்போன் வாங்கித் தருகிறோம். அதில் ஒரு துளி இது.

"சின்னப் பிள்ளைக்கு இந்த ஊசி போட்டால் கெட்டுப் போக மாட்டாளா, போவானா?" என்று என் அத்தை கேட்டார்கள். மழை வருவதற்கு முன் கூரை வேய்கிறோம். கூரை வேய்ந்ததாலா மழை வருகிறது? கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன் போட்டால்தான் இந்த ஊசிக்கு முழுப் பலன். வந்த கிருமியை இது விரட்டாது. அதனால்தான் சின்ன வயதில் போடச் சொல்கிறார்கள். 9 வயதுப் பிள்ளைக்கு, "இது பின்னாளில் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி" என்று சொன்னால் போதும். போலியோ சொட்டு மருந்து கொடுத்தபோது விளக்கமா சொன்னோம்?

ஊசியால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. 2017-ல் ரூபெல்லா ஊசிக்கும் இப்படித்தான் கிளப்பிவிட்டார்கள். போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், சிலருக்குத் தலைசுற்றல் வரலாம். ஊசி போட்டபின் கால் மணி நேரம் உட்கார வைத்துக் கூட்டிவாருங்கள்.

நம் நாட்டில் 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட்டுப் பார்த்த திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள் என்று பெரிய பிரச்னை கிளம்பி, 2010-ல் திட்டத்தையே நிறுத்தினார்கள். விசாரித்ததில் சாவுக்குக் காரணம் ஊசி அல்ல, பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, விஷம் குடித்தது, காய்ச்சல் போன்றவை என்று தெரிந்தது. ஆனால் பெற்றோர் சம்மதம் கேட்காமல், ஹாஸ்டல் வார்டன்களிடம் கையெழுத்து வாங்கிப் போட்டிருந்தார்கள் என்பது உண்மை. அது பெரிய தப்பு. ஏழைப் பிள்ளை என்றால் கேட்க ஆளில்லை என்ற நினைப்பு. ஆகவே அதிகாரிகளுக்கு நான் சொல்வது, எங்களிடம் மறைக்காதீர்கள். இன்ன ஊசி, இன்னதுக்காக, இன்ன பின்விளைவு வரலாம் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்துக் கையெழுத்து கேளுங்கள். புரிந்தால் நாங்களே வரிசையில் நிற்போம். கூட்டத்துக்கு அம்மாக்களை மட்டும் கூப்பிடாமல் அப்பாக்களையும் கூப்பிடுங்கள்.

ஊசியோடு வேலை முடிந்துவிடாது. 30 வயதைத் தாண்டிய நாம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசி போட்ட பெண்களும் அந்த வயது வந்ததும் செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது. இதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் இருந்துகொண்டு, 2000-ம் வருஷத்தில் தொடங்கி திண்டுக்கல் மாவட்டக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகளை வைத்தே ஒரு பரிசோதனை செய்தார்கள். கர்ப்பப்பை வாயில் லேசான வினிகர் தடவி, நிறம் வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பது, அவ்வளவுதான். அதன் பலனால் அந்தப் பெண்களிடையே இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் உலகத்துக்கே தெரிவித்தார்கள். காட்டு வேலை செய்யும் நம் பெண்கள் கூச்சத்தை விட்டு வந்ததால் உலகம் கற்றுக்கொண்ட பாடம் அது. அவர்களுக்கு இருந்த தைரியம் நமக்கு இருக்க வேண்டாமா?

நம் வீட்டு ஆண்களிடமும் சில விஷயம் சொல்லியாக வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதைத் தடுக்கும் என்கிறார்கள். பையன் வாலிப வயதுக்கு வரும்போது, ஆணுறை என்ற வார்த்தையைக் கெட்ட வார்த்தையாக நினைக்காமல் அப்பாவோ தாய்மாமனோ பக்குவமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மறைவிடத்தில் மருவோ ஆறாத புண்ணோ வந்தால், பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்து ஓடாமல் ஜி.எச்.சில் காட்டச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு ஆயிரம் புத்தி சொல்கிறோம். குனிந்து நட, காலை மடக்கி உட்கார், நேரத்தோடு வீடு வந்து சேர் என்கிறோம். "உன்னால் இன்னொருத்தி உடம்புக்குக் கெடுதல் வரக் கூடாதுடா தம்பி" என்று பையனுக்கு ஒரு புத்தி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நாளைக்கு நம் வீட்டுக்கு வரப்போகும் மருமகளும் யாரோ ஒருத்தி பெற்று வளர்த்த பெண்தான். நம் பெண் போகப் போகும் வீட்டிலும் ஒரு பையன் இருக்கிறான். அவன் அம்மாவும் நம்மைப் போல யோசித்தால்தானே நம் பெண்ணுக்கு நல்லது? ஜாதகம் பார்க்கிறோம், பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், பவுன் கணக்குப் பார்க்கிறோம். இந்த ஒரு பொருத்தத்தையும் இரண்டு வீட்டு அம்மாக்களும் பையன், பெண் என்று பாகுபாடு பார்க்காமல் சின்ன வயதிலேயே முடித்துவிட்டால் எவ்வளவு கண்ணீர் மிச்சமாகும்!

சிந்திப்போமா சகோதரிகளே?

- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்.